இண்டூர் பேருந்தில் ஏறிய நாற்காலி

தொழிலாளர் காப்பீட்டுக் கிளை அலுவலகத்தின் தலைமை எழுத்தர் உயர்திரு அப்துல் சுபான் அவர்கள் பணி நிறைவு பெறும் நன்னாளில் உடன் பணியாற்றியோர் உளமுருகிப் படைக்கும் மடல்

கோப்பறிந்த கோமானே! விதியறிந்த வித்தகரே! பிழை பொறாப் பெருந்தகையே! காலை ஒன்பதரை மணிக்குத் தாங்கள் படியேறும் ஓசை கேட்டு அலுவலகக் கடிகாரமே தன் முள்ளைத் திருத்திக்கொள்ளும் என்று தருமபுரி வட்டாரமெங்கும் பேர்பெற்ற நேரம் தவறா நேர்மையாளரே! எங்கள் அன்புக்கும், சற்றே அச்சத்துக்கும், என்றும் உரிய அப்துல் சுபான் அவர்களே!

ஆலைதோறும் அரைமூச்சில் உழைக்கும் தொழிலாளர்க்கு அரணாய் அமைந்த இக் காப்பீட்டுப் பணியில் முப்பத்தோராண்டு. அவற்றுள் இருபத்தோராண்டு இதே கிளையில், இதே சன்னலோரத்தில், இதே மேசையில். வந்த மேலாளர்கள் ஒன்பதின்மர்; சென்ற மேலாளர்களும் ஒன்பதின்மர்; நின்றவர் தாங்கள் ஒருவரே! தட்டச்சர் வஹிதா அடித்துத் தந்த தாளில் ஓர் ஒற்று விடுபட்டால் அத்தாள் மும்முறை திரும்பும். நான்காம் முறை வஹிதாவின் கண்ணீரோடு வரும். அப்போதும் ஒரு காற்புள்ளிக்காகத் திரும்பும். விதிமுறைப் புத்தகத்தின் பத்தி எண்களைத் தாங்கள் சொல்லும் வேகத்தில் பிறர் தம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லமாட்டார். அதனால் அன்றோ ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்கு ‘ரூல்ஸ் பாய்’ என்று பெயர் சூட்டினர்!

இவ்வாறே குணங்களை அடுக்கிக்கொண்டு போவதுதான் மடலின் மரபு. மூன்று நாள் உட்கார்ந்து அடுக்கியும் பார்த்தோம். படித்துப் பார்த்தால் அந்தத் தாளில் தங்களைக் காணவில்லை. ஆகவே அதைக் கிழித்துவிட்டு, நடந்த ஒன்றைச் சொல்லத் துணிந்தோம். சொல்லலாமா என்று சென்ற வாரம் தங்களையே கேட்டோம். “அத எழுதாட்டி வேற எதையும் எழுதாதீங்க” என்றீர்கள். ஒரே ஒரு சலுகை மட்டும் வேண்டும். இங்கிருந்து சற்று நேரம் தங்களை ‘அவர்’ என்றே சொல்வோம். நேரே பார்த்துச் சொன்னால் நடுவில் திருத்தம் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

மாதம்மாள் இண்டூர்க்காரர். தருமபுரி நூற்பாலையில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் ஆறு ஆண்டு வேலை பார்த்தவர். 1983இல் ஆடிப்பெருக்குக்கு மறுநாள், லாரியிலிருந்து சரிந்த பஞ்சுப் பொதி அவர் முதுகில் விழுந்தது. எட்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். உயிர் மிஞ்சியது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. காப்பீட்டில் அவருக்குச் செலவில்லாமல் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தோம். இரும்புச் சட்டம், பலகை இருக்கை, மடக்க முடியாதது.

ஆலை நிர்வாகம் அவருக்கு ஒரு வழி விட்டது. எட்டாவது வரை படித்தவர் என்பதால், டைம் ஆபீசில் உட்கார்ந்து ஆள் வருகை எழுதும் வேலை. ஆடி முதல் தேதிக்குள் வந்து சேர வேண்டும்; தினமும் காலை எட்டுக்கு வாசலில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

ஒத்திகை பார்க்கவென்று கணவர் கோவிந்தன் அவரைத் தூக்கிவந்து முதல் பேருந்தில் உட்கார வைத்தார். மனைவியைத் தூக்குவது கோவிந்தனுக்குப் பாரமில்லை. நாற்காலியைக் கூரைமேல் ஏற்றத்தான் மூன்று பேர் வேண்டியிருந்தது. இரண்டாம் நாளே நடத்துநர் கும்பிட்டுவிட்டார்.

“உங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா. தெனமும் பத்து நிமிசம் வண்டிய நிறுத்துனா டிப்போல எனக்கு மெமோ குடுத்துருவாங்க.”

பெங்களூரில் ஒரு பட்டறையில் அலுமினியக் குழாயில் நாற்காலி செய்கிறார்கள் என்று மருத்துவமனையில் யாரோ சொல்லியிருந்தார்கள். பதினாலு கிலோதான். மடக்கினால் ஓட்டுநருக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிடலாம். விலை இரண்டாயிரத்து இருநூறு. நாங்கள் தரும் வரம்பு தொள்ளாயிரம். மீதி ஆயிரத்து முந்நூறு ரூபாய் நோயாளி தலையில். அது கோவிந்தனுக்கு ஐந்து மாதக் கூலி.

1984 சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, பால் வண்டியில் ஏறி மாதம்மாள் நம் அலுவலகத்துக்கு வந்தார். சுபான் சார் மேசைக்கு முன்னால் கோவிந்தன் நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சார் மனுவைப் படித்தார். தலை நிமிராமலே சொன்னார்.

“உங்களுக்கு நாற்காலி குடுத்தாச்சும்மா. லேசான நாற்காலின்னு ரூல்ல ஒரு வார்த்த இல்லீங்களே.”

“கனமான நாற்காலின்னும் ஒரு வார்த்த இல்லீங்களே சார்.”

சுபான் சார் தலை நிமிர்ந்தார். தட்டச்சுப் பொறி நின்றது. அதுவரை அவர் மேசை முன்னால் நின்று பத்தியோடு வாதாடியவர் யாருமில்லை. அன்று ஒருவர் உட்கார்ந்தபடி வாதாடினார்.

“வெல கூடப்போனா மிச்சத்த நோயாளிதான் போடணும்மா. சுத்தறிக்கை இருக்குது. எழுபத்தொண்ணுல வந்தது.”

“அதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுக் காட்டுங்க சார். எட்டாவது படிச்சிருக்கறன். புரியும்.”

நியாயமான கேள்வி. கேட்ட காகிதத்தைக் காட்டுவதில் சாருக்கு எப்போதும் பெருமைதான். உதவியாளர் குப்புராஜை ரெக்கார்டு அறைக்கு அனுப்பினார். குப்புராஜ் ஒரு மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் தூசியோடு வெறுங்கையாக வந்தார். பதிவேட்டில் அந்தச் சுற்றறிக்கையின் எண் இருந்தது, தேதி இருந்தது, நான்கு வரியில் அதன் சாரம் இருந்தது. சுற்றறிக்கை மட்டும் இல்லை.

“நாளைக்கு வாங்கம்மா, தேடி வைக்கறேன்.”

“நாளைக்கு எப்பிடிங்க சார் வருவேன்?” என்றார் மாதம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வழி கேட்பதுபோல் கேட்டார். “தபால்ல அனுப்பறேன்” என்றார் சார்.

இரண்டு நாள் தேடினோம். கிடைக்கவில்லை. மண்டல அலுவலகத்துக்கு நகல் கேட்டுக் கடிதம் போனது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வியாழக்கிழமை சுபான் சார் அரைநாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தார். எதற்கென்று அந்தப் படிவத்தில் ‘சொந்த வேலை’ என்றிருந்தது. போனது இண்டூருக்கு. ஆய்வுக்குப் போக ஆணை இல்லாததால் அரசு நேரத்தில் போகக்கூடாதாம்!

இண்டூர் நிறுத்தத்தில், ஐம்பத்து மூன்று வயதில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, அந்த இரும்பு நாற்காலியைப் பேருந்துப் படிவரை தூக்கிப் பார்த்தார். இரண்டாம் படியில் முதுகு பிடித்துக்கொண்டது. கோவிந்தன் ஒரு தோளிலும் நடத்துநர் மறு தோளிலும் தாங்கி, அவரையே ஒரு மூட்டைபோல் ஏற்றி அனுப்பினார்கள். துணைவியார் ரஹமத் பீவி அம்மையார் ஐந்து நாள் உப்பு ஒத்தடம் கொடுத்தார். பார்க்கப் போன வஹிதாவிடம் அம்மையார் சொன்னது இன்றும் எங்கள் நினைவில் இருக்கிறது.

“கல்யாணம் ஆனதுலருந்து வூட்ல ஒரு சொம்பு தண்ணி தூக்கல இந்த மனுசன். யாரோ வூட்டு நாற்காலியத் தூக்கப் போயிருக்கறாரு பாரும்மா.”

கட்டிலில் குப்புறப் படுத்தபடியே சார் மண்டல அலுவலகத்துக்கு நினைவூட்டுக் கடிதம் சொன்னார், வஹிதா எழுதிக்கொண்டார். நடுவில் ஓர் ஒற்றுப் பிழையும் திருத்தினார்.

வைகாசி போனது, ஆனியும் பாதி போனது. நகல் வரவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்த ஆயிரத்து முந்நூறைத் திரட்டிவிடலாம் என்று எங்களுக்குள் பேசி, சாரிடம் சொன்னோம். பாராட்டுவார் என்று நினைத்தோம். சீறிவிட்டார்.

“வசூல் பண்ணிக் குடுத்தா அதுக்குப் பேரு தர்மம். அந்தம்மா தர்மம் கேக்க வரல. ஆறு வருசம் சம்பளத்துல மாசாமாசம் புடிச்சிருக்கறோம். அவங்களது அவங்களுக்கு வரணும். இல்ல, வராதுன்னு காயிதத்தக் காட்டணும்.”

“அதுக்குள்ள வேல போயிருமே சார்” என்றார் வஹிதா.

அன்று மதியமே சார் குடையை எடுத்துக்கொண்டு நூற்பாலைக்கு நடந்தார். வாழ்நாளில் யாரிடமும் ஒரு சலுகை கேட்டறியாத மனிதர், ஆலை மேலாளரின் அறைக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் காத்திருந்து மாதம்மாள் வேலையில் சேர ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கினார். “எப்பிடி கேக்கறதுன்னே தெரியல” என்று பிறகு குப்புராஜிடம் சொன்னாராம்.

ஆனி கடைசியில் உறை வந்தது. உள்ளே மூன்று பக்கம். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அன்று மதியம் ரஹமத் பீவி அம்மையார் கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படவில்லை.

முதல் பத்தியில் தொள்ளாயிரம் ரூபாய் வரம்பு இருந்தது. மூன்றாம் பத்தியில், சாதாரண நாற்காலி ஒருவருக்குப் பயன்படாது என்று மருத்துவ அலுவலர் காரணம் காட்டி எழுதினால் முழு விலையையும் மண்டல அலுவலர் அனுமதிக்கலாம், நோயாளி ஒன்றும் தர வேண்டியதில்லை என்று இருந்தது. நம் பதிவேட்டில் முதல் பத்திதான் ஏறியிருந்தது. பதிமூன்று ஆண்டுகளாக நாங்கள் எல்லோரும் அந்த நான்கு வரியைத்தான் சுற்றறிக்கை என்று சொல்லிவந்தோம். அந்த நான்கு வரியின் கையெழுத்து சுபான் சாருடையது.

அப்போதைய மேலாளர் சவுரியப்பன் அவர்கள் நல்ல மனிதர். அருகில் வந்து தோளில் கைவைத்தார்.

“விடுங்க சுபான். இத்தன வருசத்துல யாரும் கேக்கல.”

“கேக்கலீங்க சார். நான் சொன்னா சரியா இருக்கும்னு நம்பிக் கேக்காமப் போயிட்டாங்க.”

மறுநாள் அவரே மருத்துவரிடம் கோப்போடு போனார். ‘இந்நோயாளிக்குப் பிறர் துணையின்றி மடக்கிப் பேருந்தில் ஏற்றத்தக்க எடையுள்ள நாற்காலியே பயன்படும்’ என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதற்கு மேலும் ஒரு சான்று இருக்கட்டும் என்று பழைய நாற்காலியை வெல்ல மண்டித் தராசில் ஏற்றி, முப்பத்தொன்றரை கிலோ என்று மண்டிச் சீட்டு வாங்கி இணைத்தார். அனுமதி பதினெட்டு நாளில் வந்தது. ஆடி கடைசி வாரம் பெங்களூரிலிருந்து லாரியில் சாக்கு சுற்றிய நாற்காலி வந்து இறங்கியது.

ஆவணி முதல் தேதி காலை. இண்டூரில் கோவிந்தன் மனைவியைப் பேருந்தில் ஏற்றி உட்கார வைத்தார். மாதம்மாள் சன்னல் வழியாகக் கையை நீட்டி, “அத இப்பிடிக் குடுய்யா” என்று மடக்கிய நாற்காலியைத் தானே வாங்கி முன்னால் சாய்த்துக்கொண்டார். நடத்துநர் விசில் ஊதினார். கோவிந்தன் அந்தப் பேருந்தில் ஏறவில்லை. அவருக்கு அன்று களை எடுக்கும் வேலை இருந்தது. தருமபுரியில் கோன் பிரிவுத் தோழியர் இருவர் இறக்கிவிட, மாதம்மாள் சக்கரத்தைத் தன் கையால் தள்ளிக்கொண்டு நிலையத்துக்கு வெளியே போனார். தேநீர்க் கடைத் தூணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. குப்புராஜ் பார்த்தார். கண்ணைத் துடைத்ததையும் பார்த்தார்.

வேறொருவராக இருந்தால் இந்தக் கதை இங்கே மங்களமாக முடிந்திருக்கும். சுபான் சார் அன்று மாலையே ரெக்கார்டு அறைச் சாவியைக் கேட்டு வாங்கினார். எழுபத்தொன்றிலிருந்து தான் ‘இல்லை’ என்று எழுதித் திருப்பிய மனுக்களைத் தேடி எடுத்தார். பதினொன்று இருந்தன. பதினோரு பேருக்கும் தன் பெயரிலேயே கடிதம் எழுதினார்: ‘தங்கள் மனுவை நான் தவறாகத் தள்ளுபடி செய்தேன். மீண்டும் விண்ணப்பிக்க வேண்டுகிறேன்.’ அரசு அலுவலகத்திலிருந்து இப்படி ஒரு வாசகம் போவதா என்று சிலர் முணுமுணுத்தோம். சவுரியப்பன் அவர்கள் ஒப்புதல் தந்து கையொப்பமிட்டார்.

மூன்று பேர் இறந்துபோயிருந்தார்கள். இருவர் இருக்குமிடம் தெரியவில்லை. ஐந்து பேருக்கு, ஒருவர் பின் ஒருவராக, நாற்காலி கிடைத்தது. ஒரு கடிதம் மட்டும் ‘சேரவில்லை’ என்று திரும்பி வந்தது. சித்தேரி மலைக்காரர் தீர்த்தன். சமவெளியில் கல் மெருகேற்றும் பட்டறையில் வேலை செய்து, பலகைக்கல் விழுந்து காலிழந்து, எழுபத்தேழில் மனு கொடுத்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபான் சார் குப்புராஜைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மலைப் பேருந்தில் சித்தேரி போனார். இறங்கி ஒன்றரை மணி நேரம் நடை. தீர்த்தன் வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார் அவர் மனைவி கருப்பி. தீர்த்தன் தரையில் உட்கார்ந்து கூடைக்கு விளிம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

“என்னத் தெரியுதுங்களா?”

“தெரியாமயா? இல்லைன்னு சொன்ன பாயி.”

நின்றபடியே சொன்னார் சுபான் சார்: “அன்னிக்கி நான் சொன்னது தப்புங்க. உங்களுக்குக் குடுக்க ரூல் இருந்துச்சு. நான் முழுசாப் படிச்சு வைக்கல.”

முறம் நின்றது. கருப்பி எழுந்து வந்தார்.

“ஏழெட்டு வருசம் பாயி. சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, மக கண்ணாலத்துக்குன்னு இந்த ஆள நான் முதுவுல சொமந்துக்கிட்டுத் திரியறன். இப்ப வந்து படிக்கலங்கறீங்க.”

சுபான் சார் தலையைக் குனியவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே நின்றார். வெயிலில் அப்படி எவ்வளவு நேரம் நின்றார் என்று குப்புராஜால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் தீர்த்தன்தான் பேசினார். “வுடு கருப்பி. அன்னிக்கி மூஞ்சப் பாக்காமச் சொன்னாரு. இன்னிக்கி மல ஏறி வந்து மூஞ்சப் பாத்துச் சொல்றாரு. சோத்தப் போடு.”

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டார்கள். கருப்பி பரிமாறினார், பேசவில்லை. நாற்காலி பற்றிக் கேட்டதற்குத் தீர்த்தன் சிரித்தார்.

“இந்தப் பாறைல சக்கரம் எங்கங்க உருளும்? கீழ அரூர்ல எம்மவ வூடு இருக்குது. அங்க ஒண்ணு போட்டு வையுங்க. போறப்ப நாலு தெரு நானாச் சுத்திப் பாக்கறன்.”

அப்படியே அரூருக்கு ஒரு நாற்காலி போனது. திரும்பி நடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் சுபான் சார் சொன்னாராம்: “அவரு மன்னிச்சுட்டாரு குப்புராஜு. அந்தம்மா மன்னிக்கல. அவங்க செஞ்சதுதான் சரி.”

எங்கள் அப்துல் சுபான் அவர்களே! மீண்டும் தங்களிடமே வந்துவிட்டோம்.

தவறாதவர் என்று தங்களைப் போற்ற மாலை தொடுத்திருந்தோம். தவறியதைத் தாமே தேடிச் சென்று தலைநிமிர்ந்து ஏற்றவர் என்று போற்றவே இன்று தமிழ் போதவில்லை! அதன்பின் வந்த ஐந்தாண்டில், மனுவோடு வந்த எவர்க்கும் முதலில் இருக்கை தந்தீர், முகம் பார்த்தீர், ‘இல்லை’ என்று சொல்ல நேர்ந்தபோதெல்லாம் இல்லை என்று சொல்லும் தாளை எடுத்து வைத்து, கடைசி வரிவரை உரக்கப் படித்துக் காட்டினீர். வரிசை நீண்டது, நாங்கள் முணுமுணுத்தோம், ஆனால் அந்த வரிசையில் நின்ற ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கண்டிப்பைக் கைவிடாமலே கனிவைக் கற்றுக்கொண்ட கலை தங்கள் கலை! அக்கலைக்கு உப்பு ஒத்தடம் கொடுத்து உதவிய ரஹமத் பீவி அம்மையாருக்கும் எங்கள் உளமார்ந்த வணக்கம்!

முதுகு நோவாது நடக்கவும், கண் மங்காது படிக்கவும், பேரப்பிள்ளைகள் எழுதும் வீட்டுப்பாடத்தில் ஒற்றுப் பிழை கண்டு மகிழவும், நூறாண்டு கடந்தும் நோயின்றித் தாங்கள் வாழ எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம்.

இறுதியாக ஒன்று. டைம் ஆபீஸ் மாதம்மாள் அவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் தங்கள் சங்க அறையில் ஒரு மேசை போட்டு, செவ்வாய்தோறும் தாங்கள் வந்து மனு எழுதித்தர வேண்டும் என்று கேட்டிருப்பதாகவும், தாங்கள் இசைந்திருப்பதாகவும் நேற்று மாலை கேள்விப்பட்டோம். அப்படியானால் வரும் வாரத்திலிருந்து தங்கள் கையெழுத்தில் கேள்விகள் வரப்போகின்றன. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். நேற்றிரவே ஆளுக்கொரு விதிப்புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கத் தொடங்கிவிட்டோம். வாருங்கள், ஐயா!

தருமபுரி
31-5-1989

தங்கள் திருத்தங்களால் வளர்ந்த,
கிளை அலுவலகப் பணியாளர்கள்